டெக்சாஸ் வீட்டில் ஒரு பால்காய்ப்பு

போன திங்கட்கிழமை காலை அமெரிக்கா போய்விட்டு வந்தேன். விசா கேட்கவில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் இறங்கினால் போதும்!

எங்கள் பக்கத்துத் தெரு சங்கரலிங்கம் அண்ணாச்சி அங்கே வீடு கட்டியிருக்கிறார். பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். மகன் குமார் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அங்கே போய்த் தங்கிவிட்டு வந்தவர், மகன் வீட்டை மூலை மூலையாகப் போட்டோ எடுத்து வந்து இன்ஜினியர் கையில் கொடுத்துவிட்டார். இம்மியும் மாறக் கூடாது என்று உத்தரவு வேறு.

மாறவில்லை. மேற்குப் பக்கம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. ஹாலோடு ஒட்டிய கிச்சன். கரண்ட் அடுப்பு. கூரையில் புகையை மோப்பம் பிடிக்கிற அலாரம்.

"ஜன்னல் எங்க அண்ணாச்சி?"

"ஏசி வீட்டுக்கு ஜன்னல் எதுக்குடே? தூசி வரும், கொசு வரும்."

சரி... காற்று? சாரல் தொடங்கிவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை அனுபவிக்க எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வருகிறார்கள் ஜனங்கள். அண்ணாச்சி அதைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்.

அவர் மனைவி கோமதி மதினிக்கு அதெல்லாம் கவலை இல்லை. டிரான்ஸ்பர், டிரான்ஸ்பர் என்று ஊர் ஊராக வாடகை வீட்டிலேயே காலம் தள்ளியவர். சொந்த வீட்டு அடுப்பில் பால் பொங்குவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் ஆசை. வைகாசியின் கடைசி முகூர்த்தம் அன்றைக்கு. ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். விட்டால் ஆனி, ஆடி கழிந்து ஆவணிதான்!

ஐயர் ஹோமம் வளர்த்தார். மதினி பாலை அடுப்பில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்கப் புகை. வாசல் கதவைத் திறந்து போட்டோம். பிரயோஜனம் இல்லை. புகை போக எதிர்ப்பக்கமும் ஒரு வழி வேண்டாமா?

அப்போது கூரையிலிருந்து ஒரு வெள்ளைக்காரி அலற ஆரம்பித்தாள். "ஃபயர்! ஃபயர்!"

ஐயர் விடுவாரா? மந்திரத்தை உச்ச ஸ்தாயிக்கு ஏற்றினார். இவருக்கும் அவளுக்கும் பலத்த போட்டி. குழந்தைகளுக்கு ஒரே குஷி. அதுவரை எனக்கும் சிரிப்புத்தான்.

"ஐயோ, அடுப்பு அணைஞ்சு போச்சே!" என்று மதினி கத்தியதும்தான் சிரிப்பு நின்றது.

அலாரம் அடித்தால் அடுப்பு தானாக அணைந்துவிடுமாம். பாதுகாப்பு ஏற்பாடு! அலாரத்தை நிறுத்தத் தெரிந்த ஆள் போனை எடுக்கவில்லை. ஹோமத்தை வெளியே கொண்டு போகலாம் என்றால் சாரல். மணி ஏழு தாண்டிவிட்டது. பால் வெதுவெதுப்பாகவே நின்றது.

"பக்கத்து வீட்ல கேஸ் அடுப்பு கேப்போமா மதினி?" என்றேன்.

"இத்தன வருசம் வாடகை வீடு. இன்னைக்கும் ஓசி அடுப்பா?" மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. புகையினால் இல்லை.

டெக்சாஸைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வெயிலுக்கும் குளிருக்கும் அடைத்த வீடுதான் சரி. ஆனால், வசதியான நாட்டுக்காரன் செய்வதெல்லாம் வசதி என்று நமக்கு யார் சொன்னது? அவன் வேறு வழியில்லாமல் செய்ததையும் சேர்த்தல்லவா இறக்குமதி செய்கிறோம்! நானும் லேசுப்பட்டவன் இல்லை. ஊரைச் சுற்றி வயலும் குளமும் இருக்க, வீட்டுக்குள்ளே நடக்க டிரெட்மில் வாங்கினேன். இப்போது அதில் துணி காய்கிறது.

அண்ணாச்சி மதினியின் முகத்தைப் பார்த்தார். விறுவிறுவென்று பின்பக்கம் போனார். கொத்தனார் விட்டுப் போயிருந்த சம்மட்டியோடு வந்தார்.

"எல்லாரும் தள்ளுங்க!"

ஒரே அடி. கண்ணாடி கற்கண்டாக உதிர்ந்தது. அம்மாடி... அந்தக் காற்று! அத்தனை நாளும் வெளியே காத்துக் கிடந்த கோபத்தோடு உள்ளே புகுந்து, புகையை வாசல் வழியே விரட்டியது. ஐயரின் அங்கவஸ்திரம் பறந்தது. வெள்ளைக்காரி வாயை மூடிக்கொண்டாள். அடுப்பு உயிர் பெற்றது.

ஏழரைக்குச் சற்று முன்னால் பால் பொங்கி வழிந்தது. குலவைச் சத்தம் மேலகரம் முழுக்கக் கேட்டிருக்கும். மதினி அழுதுகொண்டே சிரித்தார். அண்ணாச்சி சம்மட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அத்தனையையும் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தான் குமார். கண்ணாடி உடைந்ததற்குத் திட்டப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா... போனைக் கொஞ்சம் அந்தக் காத்துப் பக்கமா பிடியேன். சத்தமாவது கேப்போம்."

மதினி பிடித்தார். காற்று ஹோவென்று அடித்தது. மதினி போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"ஏலே, சத்தம் கேட்டா போதுமாலே? டிக்கெட்டப் போட்டு வந்து சேரு... கண்ணாடியத் திரும்ப மாட்ட மாட்டோம்!"