முள்கரண்டியில் சிங்கம்

அடையாறில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழே ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. குடும்பம் என்றால் இரண்டே பேர். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர், கான்வென்ட் பள்ளியில் வேலை பார்க்கும் அவர் மகள். அவரை எஞ்சின் தாத்தா என்றும் மகளை டீச்சர் என்றும் கூப்பிடுவேன். ஆஸ்திரேலியாவில் இருந்த மகன் இருவரையும் வந்துவிடும்படி எழுதிக்கொண்டே இருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், போவதென்று எஞ்சின் தாத்தா முடிவு செய்தார்.

பியானோ, பீரோ எல்லாம் விற்றாகிவிட்டது. கரண்டிப் பெட்டி ஒன்றுதான் பாக்கி. நீல வெல்வெட் விரித்த மரப்பெட்டி. உள்ளே அவருடைய பாட்டனார் காலத்துக் கரண்டிகளும் முள்கரண்டிகளும். அசல் வெள்ளி என்றால் கையோடு எடுத்துப்போவார். முலாம் என்றால் ஏலத்துக்கு.

எங்களோடு இருந்த சித்தப்பா மவுண்ட் ரோட்டில் ஓர் ஏலக் கடையில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகாதவர். எஞ்சின் தாத்தா படிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தார். "இன்னா மேன், உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. கொஞ்சம் வந்து பாரேன்."

சித்தப்பா பூதக்கண்ணாடியோடு இறங்கினார். கூடவே நானும். கரண்டிக் காம்பின் பின்புறம் எறும்பு வரிசைபோல் நான்கு முத்திரைகள். ஒரு காலைத் தூக்கி நடக்கும் சிங்கம், ஒரு நங்கூரம், ஓர் எழுத்து, கடைசியில் செய்தவருடைய பெயரின் முதலெழுத்துகள். சிங்கம் இருந்தால் அசல் வெள்ளி, நங்கூரம் பர்மிங்காம் ஊருக்கு உரியது என்றார் சித்தப்பா. எஞ்சின் தாத்தாவின் முதுகு தானாக நிமிர்ந்தது.

வேலை முடிந்ததென்று நினைத்தேன். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணைப் பார்த்துட்டுச் சொல்லிட முடியாது சார். நடுவுல முலாம் கலந்திருக்கும். எல்லாத்தையும் பார்த்துடணும். இன்னிக்கு வெளிச்சம் போதாது, நாளைக்கு வரேன்."

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மாலைக்கு ஒரு கரண்டி. டீச்சர் சாக்பீஸ் பொடி தொட்டுத் துடைத்துக் கொடுப்பார், சித்தப்பா பார்ப்பார், பிறகு டீச்சரும் பார்ப்பார். காப்பி ஆறிப்போகும். எஞ்சின் தாத்தா ஈஸிசேரில் தூங்கிவிடுவார். இவ்வளவு மெதுவாக வேலை செய்தால் ஏலக் கடையில் இவரை வைத்துக்கொள்வார்களா என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

அதனால் ஒருநாள் சித்தப்பா வருவதற்குள் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழே போய், பெட்டியில் இருந்த அத்தனையையும் நானே பார்த்து முடித்தேன். அவர் உள்ளே நுழைந்ததும் கத்தினேன்.

"எல்லாத்துலயும் சிங்கம் இருக்கு சித்தப்பா! எல்லாம் ஒரே மாதிரிதான். முடிஞ்சிடுச்சு!"

சித்தப்பா வாசல்படியிலேயே நின்றுவிட்டார். "அப்படியா" என்றார். டீச்சர் குனிந்து ஒரு முள்கரண்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நிதானமாகத் திருப்பினார்.

"இதுல எனக்குச் சரியா தெரியலையே. நீங்க பாருங்க. முள்கரண்டி ஒண்ணுகூட நாம இன்னும் பார்க்கலை."

சிங்கம் பளிச்சென்று தெரிந்தது. நான் விடாமல் வாதாடினேன். கையில் ஒரு துண்டு கேக்கைக் கொடுத்து என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

பயண நாள் நெருங்கியபோது கீழே குரல்கள் உயர்ந்தன. டீச்சர் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். மாடியில் அப்பா சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் இருவருக்கும் சோறு போட்டாள். கடைசியில் எஞ்சின் தாத்தா தனியாகவே, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பும்போது சித்தப்பாவின் கையைப் பிடித்து, "பாத்துக்கோ மேன்" என்றார். அழுதார்.

மறுநாள் மாலை சித்தப்பா தலைவாரிக்கொண்டு வழக்கம்போல் படியிறங்கினார். நான் அம்மாவிடம் ஓடினேன்.

"பெட்டிதான் ஆஸ்திரேலியா போயிடுச்சேம்மா. இவர் இன்னும் அங்க என்னத்தைப் பார்க்கப் போறார்?"

அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் தை மாதம், இனிமேல் டீச்சரைச் சித்தி என்றுதான் கூப்பிடவேண்டும் என்று சொன்னார்கள். அப்போதும், முள்கரண்டியில் சிங்கம் தெரியாத ஒருவரைப் போய்க் கட்டிக்கொண்டாரே என்று சித்தப்பாவை நினைத்துத்தான் நான் வருத்தப்பட்டேன்.