மூக்கு வரைக்கும் சம்மதம்

உட்துறைமுக வீதியில் இருந்த ஜவாஹிரின் இணையக் கடையில் மாதக் கடைசி என்றால் புஷ்பவதியின் ஆட்சிதான். கம்பனி மாதத்துக்கென்று அளந்து கொடுக்கும் இணையம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும். பிறகு ஒன்றாம் தேதிவரை சேற்றில் புதைந்த வண்டில்போல்தான் நகரும். "படம் திறக்கக் கூடாது, எழுத்து மட்டும்" என்று சுவரில் ஒட்டியிருந்தாள். வீட்டின் முதல் பட்டதாரி அவள். அரசாங்க வேலைக்குக் காத்திருந்தபடி இந்தக் கடையைப் பார்த்துக்கொண்ட காலத்தில் கிடைத்த ஒரே அதிகாரம் அதுதான்.

இரண்டாயிரத்து எட்டு, போர்க்காலத்தில் ஒரு மாதக் கடைசி. தம்பலகாமத்திலிருந்து மாமா குணரத்தினம் வியர்க்க வியர்க்க வந்தார்.

"பிள்ளை, உனக்குப் பாத்த சூரிச் மாப்பிள்ளை படம் அனுப்பியிருக்கிறாராம். பொருத்தம் எல்லாம் சரி. இண்டைக்கே பதில் கேக்கினம். இல்லாட்டி வேற இடம் பாப்பினமாம்."

புஷ்பவதி சுவரைப் பார்த்தாள். பக்கத்துக் கதிரையில் இருந்த வாடிக்கைக்காரி ஸாலிஹா அவளைப் பார்த்தாள். கட்டாரிலிருந்து ஸாலிஹாவின் கணவன் அனுப்பிய படத்தைத் திறக்க விடாமல் காலையில்தான் புஷ்பவதி தடுத்திருந்தாள்.

"திறங்க தங்கச்சி. சட்டம் எங்களுக்குத்தானே."

புஷ்பவதி முகம் சிவக்கத் திறந்தாள். படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் வானம். கால்மணி நேரம் வானம்.

"நல்ல இடம்" என்றார் மாமா.

பிறகு தலைமயிர்.

"அல்ஹம்துலில்லாஹ், மொட்டை இல்ல" என்றாள் ஸாலிஹா.

நெற்றி வந்ததும் மாமா எழுந்துவிட்டார். "படிச்ச நெத்தி. ஓம் எண்டு எழுது. சோதனைச் சாவடி மூடினா நான் ஊருக்குப் போக ஏலாது."

"வாய் வரட்டும் மாமா."

"வாயில என்ன இருக்கு?"

"வாழ்நாள் முழுக்க அதோடதானே கதைக்கப்போறன்."

சொல்லிவிட்டாளே தவிர, முழு முகத்தையும் பார்த்தால் மட்டும் ஒரு மனிதரைத் தெரிந்துவிடுமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கண்கள் வந்தன. மூக்கு வந்தது. அதோடு படம் நின்றுவிட்டது. துறைமுகப் பக்கம் ஏதோ வெடித்தது. கடைகள் கதவை இழுக்கத் தொடங்கின. மாமா அவளுடைய தலைக்கு மேலேயே நின்றார்.

புஷ்பவதி எழுதினாள்: "எங்கள் கம்பனி உங்களை மூக்கு வரைக்கும்தான் விட்டது. அதுவரைக்கும் சம்மதம். மிச்சத்துக்கு ஒன்றாம் தேதிக்குப் பிறகு பதில் தருகிறேன்."

"குடியைக் கெடுத்தாய்" என்று மாமா பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. எழுத்து என்பதால் உடனே திறந்தது.

"உங்கள் படம் எனக்கு ஒரு நொடியில் முழுதாக வந்துவிட்டது. அது நியாயமில்லை. திரையில் உங்கள் மூக்குக்குக் கீழே கடதாசி ஒட்டி மறைத்திருக்கிறேன். ஒன்றாம் தேதி இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்."

புஷ்பவதி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ஒன்றாம் தேதிக்குக் காத்திராமல் "ஓம்" என்று எழுதி அனுப்பினாள்.

"வாய் பாக்கல்லியே?" என்றாள் ஸாலிஹா.

"அது கதைச்சதைக் கேட்டிட்டன்" என்ற புஷ்பவதி, ஸாலிஹாவின் கணவனின் படத்தைத் தானே திறந்து கொடுத்தாள். வானம் இறங்கத் தொடங்கியது.