சத்தம் வராத கொலுசு

போன வருடம், அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ராத்திரி வேலையை முடித்துவிட்டு, காலை ரயிலில் வந்து கவரைப்பேட்டையில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்காக ஸ்டேஷனுக்கு வந்ததே கிடையாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் ஓடினேன்.

"பயப்படாதீங்க. ஸ்கூல்ல நம்ம ரெண்டு பேரையும் கூப்புட்றாங்க. நேத்து மத்தியானம் பாப்பா பாத்ரூம்ல மாட்டிக்கிச்சாம். தாப்பா இறுகிப்போச்சு. ஸ்கூல் விட்டப்புறம் கூட்ட வந்த ஆயாம்மாதான் தொறந்து உட்டாங்களாம். அவ லேட்டா ஊட்டுக்கு வரும்போது நீங்க வேலைக்குப் போய்ட்டீங்க."

"அவ்ளோ நேரம் உள்ள இருந்தாளா? கத்த வேண்டியதுதானே?"

"அதைப் பேசத்தான் கூப்புட்றாங்க."

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கு வாரம் ஒருமுறை ஒரு கவுன்சலிங் மேடம் வருவார். அவர்தான் வரச் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் கவுன்சலிங் என்றாலே ஒன்று காதல் விவகாரம், இல்லை பரீட்சையில் கோட்டை விட்ட விவகாரம். நம் பெண் இரண்டிலும் சேராதவளாயிற்றே என்று யோசித்துக்கொண்டே, கரி படிந்த கம்பெனிச் சட்டையோடு அப்படியே போனேன்.

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மகள் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடத்துக்கு முப்பது வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசினார். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் தங்களுக்குச் சந்தோஷம் தந்த ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னாராம். இவள் முறை வந்தபோது எழுந்து நின்றாளாம். உதடு அசைந்ததாம், குரல் வரவில்லையாம். நேற்று பூட்டிய கதவுக்குப் பின்னாலும் அதேதான் நடந்திருக்கிறது.

"வீட்ல எப்படிப் பேசுவா சார்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க ஊட்ல குண்டூசி விழுந்தா கேக்கும் மேடம். நான் நைட் ஷிப்ட். பகல்லதான் தூங்குவேன். அவ்ளோ அடக்கமா வளத்துக்கினு இருக்கோம்."

மேடம் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். "குழந்தை சத்தம் போடாம எப்படிம்மா பாத்துக்குவீங்க?"

மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னாள். குக்கர் விசில் அடிக்கும் முன்பே அடுப்பை அணைப்பாளாம். காலிங் பெல்லின் வயரைக் கழற்றிவிட்டாளாம். டிவியில் படம் மட்டும் ஓடுமாம். மகளின் தோழிகள் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவாளாம். பாதி எனக்கே தெரியாது. நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே! கரண்ட் செலவு குறையும் என்று எங்கள் உலை பெரும்பாலும் ராத்திரியில்தான் முழு மூச்சாக ஓடும். மகள் பிறந்ததிலிருந்தே என் பொழுது அப்படித்தான் தலைகீழாக இருந்தது.

மேடம் மகளின் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "சத்தம் போட்டா என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று கேட்டார். நான் குறுக்கே ஏதோ சொல்லப் போனேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்பா தூக்கம் கெட்டுடும்" என்றாள் மகள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "தூக்கம் கெட்டா... அப்பா மேல நெருப்பு பட்டுடும்."

மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது, என்னோடு வேலை பார்த்த ஒருவர் பகலில் தூங்காமல் வந்து, கண் சொக்கி, உருகிய இரும்பு தெறித்துக் காலில் பட்டு வீட்டோடு முடங்கிப்போனார். அதை நான் ஊர்க்கதைபோல மனைவியிடம் சொல்லியிருந்தேன். சொன்னதோடு மறந்தும் போனேன். அவள் மறக்கவில்லை. குழந்தை சிணுங்கினாலும் சிரித்தாலும் அந்தப் பயத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறாள். "சின்னப் புள்ளைல சொன்னது மேடம். அப்போ வேற இன்னா சொல்லி அடக்குறதுன்னு தெரில. இன்னும் மனசுல வெச்சுக்கினு இருப்பான்னு நெனச்சே பாக்கல" என்று அழுதாள்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. கதவு பூட்டிக்கொண்ட இருட்டறைக்குள்ளும் ஒரு பிள்ளை வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள். என்னைக் காப்பாற்றுகிறோம் என்று அவள் உடம்புக்குள் எங்கோ பதிந்துபோயிருக்கிறது. நானோ அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்து ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மேடம் என் கழுத்தைக் காட்டினார். "அது என்ன சார் தொங்குது?"

"இயர் பிளக் மேடம். உலை பக்கத்துல இரைச்சல் தாங்காது. மாட்டிக்கினா இடி விழுந்தாலும் கேக்காது."

"வீட்ல தூங்கும்போது அதைப் போட்டுக்க மாட்டீங்களா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேலை முடிந்ததும் அதைக் காதிலிருந்து பிடுங்கினால்தான் எங்களுக்கு மூச்சே வரும். அந்தச் சனியனை வீட்டிலும் மாட்டிக்கொள்வது எவனுக்குத் தோன்றும்? எங்கள் தெருவில் பாதி ஆண்கள் ராத்திரி வேலைக்காரர்கள்தான். எல்லோர் கழுத்திலும் அது தொங்கும், எல்லோர் வீட்டிலும் பிள்ளைகளைத்தான் அடக்குவோம்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் முன்னால் நடந்தாள். அவள் பெரியவளானபோது நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த கொலுசு காலில் இருந்தது. சத்தமே வரவில்லை. மனைவியைப் பார்த்தேன். "முத்தையெல்லாம் நான்தான் எடுத்துட்டேன்" என்றாள். தினமும் அந்தக் காலைப் பார்த்திருக்கிறேன். ஒருநாளாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அதற்குப் பிறகு வாராவாரம் மகள் மேடத்தைப் பார்த்தாள். எங்களுக்கும் வீட்டுப்பாடம் உண்டு. அறைக்கு அறை போய்க் கூப்பிடாமல், இருந்த இடத்திலிருந்தே சத்தமாகக் கூப்பிட வேண்டும். தோழிகளை உள்ளே விட வேண்டும். அம்மா பயத்தைச் சொல்லி அடக்கக் கூடாது, அப்பா கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரும்பாடு.

கத்துவது மட்டும் அவளுக்கு வரவே இல்லை. எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் ரயில் பாதை. ஒரு ஞாயிறு சாயங்காலம் அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போனேன். எக்ஸ்பிரஸ் வரும்போது கத்தலாம், எவனுக்கும் கேட்காது என்றேன். முதல் ரயிலுக்கு நான் மட்டும் பைத்தியக்காரன்போலக் கத்தினேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, தோள் மட்டும் குலுங்கியது. அடுத்த ரயிலுக்கு அவள் வாயைத் திறந்தாள். கடைசிப் பெட்டி தாண்டிப் போன பிறகும் ஒரு மெல்லிய குரல் மிச்சம் இருந்தது. அது என் மகளின் குரல் என்று புரியவே எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பெற்ற பிள்ளையின் குரல் அடையாளம் தெரியாத அப்பன் நான்.

இப்போது அவள் பத்தாவது. வகுப்பில் கையைத் தூக்கிப் பதில் சொல்கிறாளாம். கொலுசுக்கு முத்து வைத்துத் தருகிறேன் என்றேன். "வேணாம்ப்பா, இதுவே பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

நான் காதை அடைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். ஆனால் லீவு நாட்களில் ஒரு காதை மட்டும் திறந்து வைத்திருப்பேன். டிவியில் ஏதாவது காமெடி வரும். அவள் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்குவாள். பாதியிலேயே, யாரும் ஒன்றும் சொல்லாமலே, கை தானாக எழுந்து வாயைப் பொத்தும். சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடப்பேன்.

அந்தப் பாதிச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம், நான் நிம்மதியாகத் தூங்குவதற்காக அவள் விழுங்கிவிட்ட மீதியை இனி எத்தனை ஷிப்ட் பார்த்தாலும் என்னால் திருப்பித் தர முடியாது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.