செட்டியாருக்கு இரண்டாம் தாரம்

இந்த ஊரில் ஒரு ஓட்டைக் கரண்டி வாங்கப் போனாலும் முதலில் நம் ஊரைச் சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை தோறும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சந்தை கூடுகிறது. அதன் ஓரத்தில் பழைய சாமான்காரர்கள் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். மூடியில்லாத ஜாடி, முள்ளில்லாத கடிகாரம், ஒரு கால் செருப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். ஒன்றைக் கையில் எடுத்து "என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். விலை வராது. "ஏனுங்கம்மா, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றுதான் வரும். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார். தெருவைச் சொன்னால் யார் வீடு என்பார். அவருடைய சித்தப்பா மருமகன் நம் தெருவிலேயே இருப்பது தெரியவந்து, அவர் சுகத்தையும் விசாரித்து, கடைசியாக விலை வரும்போது நாம் வாங்க வந்தது என்ன என்பதே மறந்திருக்கும்.

ரங்கூனில் இப்படியா? மொகல் தெருவில் பர்மாக்காரியிடம் விலையை "பெலௌலே?" என்று கேட்டால் விரல்களைக் காட்டுவாள். நாம் அதில் ஒரு விரலை மடக்கிவிடுவோம். அவள் சிரிப்பாள், வியாபாரம் முடிந்தது. நீ எந்த ஊர் என்று நான் அங்கே பிறந்து வளர்ந்த முப்பது வருஷத்தில் ஒருத்தி கேட்டதில்லை. இங்கே நான் "ரங்கூன்" என்று வாயைத் திறந்தால் போதும், விலை இரண்டு மடங்காகிவிடும். ரங்கூனிலிருந்து வந்தவள் மடியில் தங்கக்கட்டி முடிந்து வந்திருப்பாள் என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு. நான் முடிந்து வந்ததோ ஒரு மண் செட்டியாரை.

என்னைப்போலக் கப்பலேறி வந்து ஊர் ஊராய்ச் சிதறிக் கிடக்கும் சினேகிதிகளுக்கும், இன்னும் அங்கேயே இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் அந்தச் செட்டியாரைத் தெரிந்திருக்கும். கொலுவில் தொந்தியும் கடுக்கனுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே அரிசி பருப்பைக் குவித்து, பக்கத்தில் சம்சாரத்தை வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணுவாரே, அவர்தான். என் அப்பா பண்ருட்டியிலிருந்து வரவழைத்துக் கொடுத்த ஜோடி அது. எங்கள் செட்டியாருக்கு ஒரு விசேஷம் உண்டு. பொம்மை செய்தவர் அவர் கழுத்தை வலப்பக்கம் திருப்பி, ஆச்சியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி வைத்துவிட்டார். ஆச்சி அதைக் கண்டுகொள்ளாமல் தராசைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ரங்கூனில் குண்டு விழுந்ததும் ஆளுக்கு ஆள் துறைமுகத்துக்கு ஓடினோம். என் வீட்டுக்காரருக்கு அந்தத் துறைமுகத்திலேயே வேலை. கப்பலில் சாமான் ஏற்ற ஆள் வேண்டும், இப்போது விடமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மட்டும் டிக்கெட் கிடைத்தது. டிரங்குப் பெட்டியில் நான் ஜோடியை வைத்தபோது அவர் ஆச்சியை வெளியே எடுத்தார். "ரெண்டும் ஒரே பெட்டியில போனா ரெண்டும் சேர்ந்து உடையும். நீ செட்டியாரைக் கொண்டு போ. ஆச்சியை நான் கொண்டாரேன்," என்றார். பத்து நாளில் பின்னாலேயே வருகிற ஆள் பேசுகிற மாதிரிதான் சொன்னார். நானும் அப்படித்தான் தலையை ஆட்டினேன்.

சேலம் அம்மாபேட்டையில் என் மாமியார் வீடு. கல்யாணம் ரங்கூனில் நடந்ததால் அந்த வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. மாமியார் ஒண்டியாக ஒரு தறியை வைத்துக்கொண்டு, நூல் ரேஷனைத் திட்டிக்கொண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். முதல் வருஷக் கொலுவில் என் செட்டியார் மானத்தை வாங்கிவிட்டார். வலப்பக்கம் ஆள் இல்லாததால் அங்கே யாரை வைத்தாலும் அவர்களைப் பார்த்து இளித்தார். நரசிம்மரை வைத்தோம், குடலைப் பிடுங்குகிற நரசிம்மரைப் பார்த்துச் சிரித்தார். போலீஸ்காரனை வைத்தோம், மாமூல் கொடுக்கிறவர் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் மகளை அந்தப் பக்கம் உட்காரவிடவில்லை.

"பாரு அம்மிணி," என்றாள் மாமியார். "ஆம்பளைய ஒத்தையா உக்கார வெக்கப்படாது. ஊட்டு ஆம்பளையும் அங்க ஒத்தையாத்தான் நிப்பான். இவருக்கு ஒரு சோடி சேத்து வெய்யி. எம்மவன் வந்துருவான்."

நான் மாட்டேன் என்றேன். ஆச்சி என் வீட்டுக்காரரிடம் இருக்கிறாள். அவள் இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைத்தால், அவள் வரமாட்டாள் என்று நானே முடிவு கட்டியதாக ஆகாதா? அவள் வரவில்லையென்றால் அவர் எப்படி வருவார்? மாமியாருக்கு ஜோடி சேர்ந்தால் மகன் வருவான். எனக்கு இடம் காலியாக இருந்தால்தான் புருஷன் வருவார். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே ஆள்தான். ஆனாலும் அதற்காக நாங்கள் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது.

கடைசியில் மாமியார் கை ஓங்கியது. குயவரிடம் போனோம். "சோடியப் பிரிச்சுக் குடுத்தா எனக்குப் பாவமுங்க," என்று கையை விரித்துவிட்டார். ஆக, பழைய பொம்மைதான் கதி. அப்படித்தான் செவ்வாய்ப்பேட்டையில் காதர் ராவுத்தரின் சாக்கின் முன்னால் போய் நின்றோம். பழைய சாமான் வியாபாரத்தில் தலை நரைத்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. கரண்டி விற்கிறவர் காணாமல் போய், கல்யாணத் தரகர் எழுந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ளைக்கு உசரம் எத்தனைங்க?" என்றார்.

ஒரு சாண், நாலு விரல் என்றேன்.

அடுத்த செவ்வாயிலிருந்து வரன் வர ஆரம்பித்தது. ஒருத்தி செட்டியாரைவிட அரை அடி உயரம். இன்னொருத்திக்கு மூக்கு இல்லை. "மூக்கு எதுக்குங்க, குணந்தான வேணும்?" என்றார் ராவுத்தர். ஏற்காட்டில் ஒரு தோட்டத்துத் துரை பங்களாவைக் காலி பண்ணியபோது ஏலத்தில் எடுத்தேன் என்று ஒரு பீங்கான் வெள்ளைக்காரியைக் கொண்டு வந்தார். படுக்க வைத்தால் கண்ணை மூடுவாள், நிமிர்த்தினால் திறப்பாள். "சேலை சுத்திட்டாத் தெரியாதுங்க," என்றார். மாமியார் இரண்டு தரம் படுக்க வைத்து நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "இவ நம்மூட்டுக்கு ஒத்து வரமாட்டா சாமி. நம்மளையே மொறைக்கறா," என்று திருப்பிக் கொடுத்தாள். எல்லோரிடமும் நானும் ஒரு குறை கண்டுபிடித்தேன். நிறம் மட்டு, காது பெரிசு, தராசு சாய்ந்திருக்கிறது என்றேன். அடுத்த கொலுவும் இப்படியே போயிற்று. ராவுத்தர் ஒருநாள் மாமியாரிடம், நான் கேட்கவேண்டும் என்றே சத்தமாக, "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு மனசில்லைங்க, பொண்ணுங்க மேல குத்தமில்லைங்க," என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் வருஷம், ஏற்காட்டு மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு வீட்டில் தனியாக ஒரு செட்டியாரம்மா இருக்கிறாள் என்று துப்பு வந்தது. அந்த வீட்டுச் செல்லம்மா மளிகைக்கடைக்காரர் மனைவி. அவள் வீட்டுச் செட்டியாரைக் குழந்தை தூக்கிப்போட்டு உடைத்துவிட்டதாம். நானும் மாமியாரும் ஜட்கா வைத்துக்கொண்டு போனோம். பொம்மையைப் பார்த்தேன். ஒரு சாண், நாலு விரல். மூக்கு இருந்தது, காது அளவு, தராசு நேர். குறை சொல்ல ஒன்றும் அகப்படாத ஆத்திரத்தில் ரங்கூன் புத்தி வந்துவிட்டது. "என்ன விலை?" என்று கேட்டேன்.

மாமியார் என் தொடையில் கிள்ளிய கிள்ளு மூன்று நாள் கன்றிக் கிடந்தது. செல்லம்மா எழுந்து நின்றாள். "ஊட்டுக் கொலுப் பொம்மைய வெலைக்குக் கேக்கறீங்களா? வித்தா லச்சுமி இந்த ஊட்டுல நிப்பாளுங்களா? போயிட்டு வாங்க," என்றாள். இந்த ஊரில் இவ்வளவு மரியாதையாகவும் ஒருவரை வெளியே தள்ள முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை முறையாகப் போனோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, ஒரு ரவிக்கைத் துணி. தரகர் இல்லாமல் எப்படி என்று ராவுத்தரும் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். ஜட்காவில் மாமியார் எனக்குப் பாடம் நடத்தினாள்: "மொதத் தாரத்தப் பத்திக் கேட்டா, தவறிட்டாளுன்னு சொல்லிரலாம். நான் சொல்லிக்கறேன், நீ வாயத் தெறக்காத."

செல்லம்மா தாம்பாளத்தைப் பார்த்ததும் குளிர்ந்துவிட்டாள். பாய் போட்டு, மோர் கொடுத்து, எதிரே உட்கார்ந்தாள். "மாப்பிள்ளைக்கு எந்த ஊருங்க?"

"ரங்கூனுங்க," என்றாள் மாமியார்.

"கடல் தாண்டுன மாப்பிள்ளைங்களா? மறுக்கா எங்க புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறிருவாருங்களா?"

"அதுக்குத் தோதில்லைங்க," என்றார் ராவுத்தர். "சம்மணம் போட்ட வாக்குல சுட்டுட்டாங்க. எந்திரிக்கவே முடியாதுங்க."

செல்லம்மா சிரித்தாள். பிறகு, "மொத சம்சாரம் என்ன ஆச்சுங்க?" என்றாள்.

மாமியார் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த ஒரே ஒரு வார்த்தை அவளுக்கு வரவில்லை. அந்தப் பொம்மை யார் கையில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும் அல்லவா? எனக்குப் பொறுக்கவில்லை. "இருக்கா," என்றேன். "ரங்கூன்ல என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கா. அவரோட வருவா."

"கடுதாசி வருதுங்களா?"

"ரெண்டரை வருஷமா இல்லை."

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தினமும் என்னோடு மல்லுக்கு நின்றவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். ராவுத்தர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். செல்லம்மா உள்ளே போனாள். பொம்மைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றிக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "ரெண்டாந்தாரமாவே குடுக்கறேனுங்க. ஆனா ஒண்ணு. மூத்தவ வந்துட்டான்னு எங்க புள்ளையத் தள்ளி வெக்கப்படாது. வருசா வருசம் கொலுவுக்கு வந்து பாப்பேன்," என்றாள். "மூத்தவ வரட்டும் சாமி, ரெண்டு பேரையும் நான் தலைமேல வெச்சுக்கறேன்," என்று மாமியார் அவள் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். திரும்பும் வழியில் எனக்கும் கண்ணீர் கொட்டியது. சாயம் போய்விடும் என்று மாமியார் பொம்மையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

யுத்தம் முடிந்து கப்பல் விட்டார்கள். ஒருநாள் காலையில் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றது. கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, பர்மாக் கைலி கட்டி, தோளில் ஒரு மூட்டை. மாமியார் தறியிலிருந்து தலையை நீட்டி, "யாருங்க? உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றாள்.

"அம்மாபேட்டைதானுங்கம்மா," என்றார் அவர்.

நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தபோது மாமியார் அவர் முகத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். மூட்டையை அவிழ்த்தார். மூன்று சட்டைக்கு நடுவே ஆச்சி இருந்தாள், தராசில் ஒரு தட்டு போயிருந்தது. "செட்டியார் சௌக்கியமா?" என்று கேட்டார். நாலு வருஷமாக அவரிடம் என்னென்னவோ சொல்லவேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன். என் வாயில் வந்தது, "அவர் ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கிட்டார்." அப்படிச் சொல்லிவிட்டு நான் அழுத அழுகையில் உண்மையிலேயே வீட்டில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று அவர் பயந்துபோனார்.

ஜோடி சேர்த்ததால்தான் மகன் வந்தான் என்று மாமியார் இன்றைக்கும் சாதிக்கிறாள். வருவா என்று நான் சொன்னதால்தான் வந்தார் என்று நானும் விடுவதில்லை. ஒரு விஷயம் மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் தெருவில் ரங்கூன்காரி என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது அந்தப் பெயர் ஆச்சிக்குப் போய்விட்டது. நான் வெறும் பார்வதி.

கொலுவில் செட்டியார் நடுவில் உட்காருகிறார். அவர் கழுத்து ஒரு பக்கம்தான் திரும்பியிருக்கிறது என்பதால் நாலு நாள் ரங்கூன்காரி வலப்பக்கம், நாலு நாள் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரி வலப்பக்கம். செல்லம்மா வந்து நாளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சுண்டலைக் கையில் வாங்குகிறாள். ராவுத்தருக்குத் தரகுக் கூலியாக ஒரு தூக்குச் சட்டி நிறையச் சுண்டல் போகிறது. ஒன்பதாம் நாளை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. அன்றைக்குச் செட்டியாரையே கொஞ்சம் திருப்பி, வாசலைப் பார்க்க வைத்துவிடுகிறேன். உள்ளே வருகிறவர்களைப் பார்த்து அவர் சிரிக்கிறார். புது முகமாக இருந்தால், "வாங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று நானே முந்திக்கொண்டு கேட்கிறேன். அவர்கள் பதில் சொல்லிவிட்டு, "உங்களுக்குங்க?" என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார்கள். நான் செட்டியாரைக் கைகாட்டி, "அவரைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டுச் சுண்டல் எடுக்க உள்ளே போய்விடுகிறேன்.