வலது கண் வளையம்

எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் எளிதில் நம்பிவிட மாட்டோம். கறிவேப்பிலை கொசுறாகக் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டால், காய் சொத்தையோ என்று அப்பா பையைக் கவிழ்த்துப் பார்ப்பார். வால் நட்சத்திரம் வரப்போகிறது என்று பேப்பரில் போட்ட வருடம், அதைப் பார்க்கக் கருவி வாங்க அவர் சம்மதித்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பாவுக்குப் போனஸ் வந்திருந்தது. "என்னோடது அடுத்த வருஷம் பாத்துக்கலாம். குழந்தை ஆசைப்படறா," என்றாள் அம்மா. மிக்ஸியைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

செம்பாக்கத்திலிருந்து பாரிமுனைக்கு அப்பா, சித்தப்பா, நான் மூவரும் போனோம். கடையில் முக்காலி வைத்த வெள்ளை டெலஸ்கோப் ஒன்று நின்றது. அட்டைப்பெட்டியில் நானூற்றைம்பது மடங்கு என்று போட்டிருந்தது. எனக்கு அதுதான் வேண்டும். சித்தப்பா முக்காலியை ஒரு விரலால் தொட்டார். அது ஆடி அடங்கவே நேரமாயிற்று.

"மடங்கப் பாக்காதீங்கண்ணா. முன்னாடி கண்ணாடி எவ்ளோ பெரிசுன்னு பாருங்க. இந்தக் காசுக்கு பைனாகுலர்தான் சரி."

"சார் சொல்றது கரீட்டு. அத்த வாங்கினு போனா நட்சத்திரம் டான்ஸ் ஆடும்," என்று கடைக்காரரும் ஒத்து ஊதினார். கடைக்காரரே விலை குறைந்ததை வாங்கச் சொன்னால் அப்பா சும்மா விடுவாரா? வாசலில் நின்று எதிர்வரிசைக் கடைப் பலகைகளை எல்லாம் அதன் வழியே படித்துப் பார்த்த பிறகுதான் பழைய பைனாகுலர் ஒன்று எங்களோடு ரயில் ஏறியது.

என் சந்தேகமெல்லாம் சித்தப்பா மேல். அவர் கிரிக்கெட் பைத்தியம். நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லி மேட்ச் பார்க்க வழி செய்துகொண்டார் என்று உறுதியாக நம்பினேன்.

அவர்தான் பழக்கிக் கொடுத்தார். நடுச்சக்கரம் இரண்டு கண்ணுக்கும் பொது. வலது கண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு வளையம் உண்டு. எங்கள் மூவருக்கும் அது நடுக்கோட்டிலேயே சரியாக இருந்ததால், அதை யாரும் தொடக்கூடாது என்றார். நான்காம் நாள் பார்த்தால் வளையம் ஒரு பக்கமாகக் கோடிவரை திரும்பியிருந்தது. சரிசெய்து வைத்தேன். மறுநாளும் அப்படியே. காலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். சாயங்காலம் கோடு நகர்ந்திருந்தது. சித்தப்பாவைக் கேட்டேன்.

"பகல்ல நான் ஆபீஸ்ல இல்ல இருக்கேன், போடி," என்றார் சித்தப்பா. எந்தத் திருடன் ஒத்துக்கொண்டிருக்கிறான்?

ஒருநாள் எதையும் திருகாமல் மொட்டைமாடிக்கு எடுத்துப்போய் ஊரைச் சுற்றிப் பார்த்தேன். ஏரி மங்கல். தூரத்துத் தண்ணீர்த் தொட்டியும் மங்கல். தெருமுனையில் நான் ஸ்கூல் விட்டு வந்து இறங்கும் பஸ் ஸ்டாப் மட்டும் பளிச்சென்று தெரிந்தது, அதுவும் இடது கண்ணுக்கு. வலது கண்ணில் வெறும் புகை.

அன்று சாப்பாட்டின்போது வழக்கைச் சபையில் வைத்தேன். "கூப்பிட்டா கேக்கற தூரத்துல இருக்கற பஸ் ஸ்டாப்ப யாரு பைனாகுலர்ல பாக்கறாங்க?"

அம்மா ரசக் கரண்டியோடு நின்றாள். "நான்தான். இவ லாரிக்கு நடுவுல ரோட்டத் தாண்டி வராளேன்னு பாத்தேன்."

எல்லோரும் சிரித்தோம். "பாருங்க அண்ணி, வேணாங்கல. வலது பக்க வளையத்த எதுக்குக் கோடி வரைக்கும் கொண்டுபோறீங்க?" என்றார் சித்தப்பா.

"தெரியாம திருகிட்டேன்."

எதையும் நம்பாத குடும்பம் அதை மட்டும் அப்படியே நம்பியது. அதன்பிறகு வளையம் நகரவில்லை. துப்பறிந்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வால் நட்சத்திரம் ஒரு விடியற்காலையில் பஞ்சுத் துணுக்குபோலத் தெரிந்தது. அம்மா தன் முறை வந்தபோது வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "தெரியுது," என்றாள். பிடிக்கவே தெரியவில்லை பார் என்று சித்தப்பா எனக்குக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே கோபம் வரும்.

காலேஜில் சேர்ந்த பிறகு, நான்தான் அவளைத் தாம்பரத்தில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ஒரு பெட்டியிலிருந்து ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து மாற்றி மாற்றிப் போட்டார். வலது கண்ணுக்குப் பெட்டியின் கோடிவரை போய்க்கூட எழுத்து சரியாகத் தெரியவில்லை.

"ரொம்ப வருஷமா இருந்திருக்கே. அப்பவே வந்திருக்கக் கூடாதாம்மா?"

அம்மா என் பக்கம் திரும்பாமல் பதில் சொன்னாள். "வால் நட்சத்திரம் வந்த வருஷமே கண்ணாடி போடறதாத்தான் இருந்தது டாக்டர். அப்புறம் தள்ளிப்போச்சு."

மிக்ஸி என்றுதான் நான் அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.