முன் சக்கரம்

மலைப் பூங்காவின் கேட்டைத் திறந்து பூட்டுகிறவளை எல்லோரும் கேட் அக்கா என்றே கூப்பிடுவார்கள். பனிக்காலம் முடிந்து, பனி வாரும் வண்டி சாலையைச் சுத்தம் செய்கிற வாரங்களில் கார்களுக்கு அனுமதி இல்லை. சைக்கிள்களுக்கு மட்டும் உண்டு. மேலே போகிறவர் கேட்டுப் பலகையிலிருந்து ஒரு தகர வில்லையை எடுத்துப் போக வேண்டும், இறங்கியதும் திரும்ப மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அவளுக்கு நடக்கும்போது இடது கால் இழுக்கும். கேட்டால் "விழுந்துட்டேன்" என்பாள். விழுந்தது உண்மைதான், மிச்சத்தைத்தான் சொல்வதில்லை. அவளும் ஒரு காலத்தில் சைக்கிள் சங்கத்தில் இருந்தவள். ஏற்றத்தில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. பந்தயத்தன்று உச்சி வளைவில் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. பின்னால் வந்த சங்கத்துக் கேப்டனுக்கும் முன் சக்கரம் கல்லில் மோதி நெளிந்திருந்தது. அவர் குனிந்து அவளுடைய சக்கரத்தைக் கழற்றித் தன் வண்டியில் மாட்டினார். "ஆள் அனுப்புறேன்மா" என்று போனவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, "அவ பாதியிலயே திரும்பிட்டா" என்று எல்லோரிடமும் சொன்னார். இருட்டும் நேரத்தில் பனி வண்டி ஓட்டுநர் பார்த்திருக்காவிட்டால் அவள் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். நடந்ததை அவள் சொன்னபோது பொறாமை என்றார்கள்.

கேட் வேலையைக் கேட்டு வாங்கியதே அதற்காகத்தான். என்றைக்கானாலும் அந்த ஆள் இந்த வழியாகத்தானே வர வேண்டும்.

வந்தார், வருஷா வருஷம். "நல்லாயிருக்கியா தங்கச்சி" என்று கூசாமல் சிரிப்பார். வண்டியில் அதே சக்கரம். அவள் கையால் ஆரக்கம்பி கோத்தது. வெள்ளி நிறக் கம்பி தீர்ந்துபோய் ஒரே ஒரு கறுப்புக் கம்பி போட்டிருந்தாள். அது சுழன்று மேலே போவதை ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பாள்.

இப்போது கேப்டனுக்கு வயதாகிவிட்டது. கடைசியாக இறங்குவதை யாரும் பார்க்கக் கூடாது என்று, தன் வில்லையைச் சிஷ்யர்களிடம் கொடுத்து முன்னால் அனுப்பிவிடுவார். அன்று மாலையும் பலகை நிறைந்திருந்தது, சிஷ்யர்கள் போய்விட்டார்கள். கேட்டுக்கு வெளியே அவருடைய கார் மட்டும் நின்றது.

அவள் சைக்கிளை எடுத்தாள். பெடல் மிதிக்கும்போது கால் இழுக்காது.

உச்சி வளைவுக்குக் கொஞ்சம் கீழே அவர் உட்கார்ந்திருந்தார். அங்கே போனில் சிக்னல் எடுக்காது.

"நல்லவேளை வந்த தங்கச்சி. பின் சக்கரம் பஞ்சர். டியூப் இருக்கா?"

டியூப் அவள் பையில் இருந்தது. அவள் அதை எடுக்காமல், அவருடைய வண்டியைக் கவிழ்த்து முன் சக்கரத்தைக் கழற்றினாள்.

"பஞ்சர் பின்னாடிம்மா."

"தெரியும்ணே."

சக்கரத்தைத் திருப்பிக் கறுப்புக் கம்பியை அவருக்குக் காட்டினாள். அவர் முகம் செத்துப்போனது.

"அது பழைய கதை."

"பழசுதாண்ணே. அதான் எடுத்துக்கறேன்." சக்கரத்தை முதுகில் கட்டிக்கொண்டாள். "ஆள் அனுப்புறேன்."

அவர் எழுந்து பின்னால் வரப் பார்த்தார். அடியில் இரும்பு வைத்த சைக்கிள் ஷூ பனியில் வழுக்கியது. விந்தி விந்தி நாலு அடி வந்து நின்றார். அந்த நடை அவளுக்குப் பழக்கமான நடை.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் நிதானமாகக் குளித்தாள். பாவம் என்று ஒருமுறை தோன்றியது. இன்னொரு சொம்பு ஊற்றிக்கொண்டாள். சூடாகச் சாப்பிட்டாள். கை கழுவிய பிறகுதான் பனி வண்டி ஓட்டுநருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, உச்சி வளைவுகிட்ட ஒரு ஆள் இருக்கு. கம்பளி எடுத்துட்டுப் போங்க."

வெகுநேரம் கழித்து, பாதி வழி இறங்கி சிக்னல் கிடைத்ததும் ஓட்டுநர் கூப்பிட்டார்.

"ஏத்திட்டேன்மா. நடுங்குறாரு, மத்தபடி ஒண்ணுமில்ல. முன் சக்கரம் எங்கேன்னா வாயே திறக்க மாட்டேங்கிறாரு."

அவள் மூலையில் சாய்த்திருந்த சக்கரத்தின் கறுப்புக் கம்பியை விரலால் துடைத்தாள்.

"அன்னிக்கு உன்னை எடுத்தப்பவும் உன் சைக்கிள்ல முன் சக்கரம் இல்ல" என்றார். கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. "சரி விடு. மெதுவாத்தான் ஓட்டிட்டு வரேன். ஹீட்டர் வேற இப்பத்தான் ரிப்பேராயிடுச்சு."