சேரன்மகாதேவியிலிருந்து டவுனுக்கு, தண்ணீர் வழியாக

காலை ஐந்து ஐம்பது. சேரன்மகாதேவிப் படித்துறையில் முதலில் கண்ணில் பட்டது, இரண்டு டிராக்டர் டியூப்களின் மேல் கட்டிய, கால்கள் அறுத்த கயிற்றுக் கட்டில். அதுதான் படகு. அதிலிருந்து வலை வீசும் மீன்காரர் மூங்கில் கழியோடு நின்றார்.

தொண்ணூறுகளில் நெல்லை நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தேன். இங்கிலாந்தில் ஓர் ஆற்றில் படகில் போனவர் எழுதியதை ஞாயிறு பக்கத்துக்கு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். நம் ஆற்றில் போய் நானே எழுதுகிறேன் என்றேன்.

செய்தி ஆசிரியர் சிரித்தார். "இங்கன என்ன கப்பலாம்மா ஓடுது? சரி, நம்ம டவுன் பக்கம் குறுக்குத்துறை வரைக்கும் ஆத்துலயே வந்துரு, பக்கம் உனக்கு. இல்லேன்னா பேசாம அதை மொழிபெயர்த்துக் குடு."

அந்த இங்கிலாந்து ஆற்றில் படகு வந்தால் மதகைத் திறந்து வழி விடுவார்களாம். நாங்கள் முதல் அணைக்கட்டிலேயே கட்டிலைத் தலையில் சுமந்தோம். அடுத்த அணைக்கட்டான சுத்தமல்லியில் கார் பருவ நெல் சாகுபடிக்காகத் தண்ணீர் முழுவதையும் நெல்லைக் கால்வாயில் திருப்பியிருந்தார்கள். கீழே ஆற்றில் பாறையும் நாணலும்தான்.

"இனி பஸ்ஸுதான் தாயி" என்றார் மீன்காரர்.

தண்ணீர் போகிற பக்கம் போவோம் என்றேன். கட்டிலைக் கால்வாயில் இறக்கினோம்.

மதகுக் காவலர் கரையோடு ஓடிவந்தார். "ஏலே, இது வயலுக்குப் போற தண்ணி! கட்டிலு விடுததுக்கா?"

"நீரு பைய நடந்து வாரும்வே. நாங்க படுத்துட்டு வாறோம்" என்றார் மீன்காரர்.

"அதிகாரி பாத்தா என் சீட்டு கிழிஞ்சிரும். நீங்களாவது சொல்லுங்க தாயி."

"என் பேரை எழுதிக்கிடுங்க" என்றேன். அவரிடம் காகிதம் இல்லை. என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நானே பெயர் எழுதிக் கொடுத்தேன்.

பாலங்கள் தாழ்வு. ஒவ்வொன்றின் அடியிலும் மல்லாந்து படுத்தோம். துணி துவைத்த பெண்களில் ஒருத்தி கூவினாள்: "ஏளா, கட்டிலோட போறியே, மாப்பிள்ளை வீட்டுக்கா?"

மூன்றேகாலுக்கு நெல்லை டவுனில் கரையேறி, ஈரப் புடவையோடு அலுவலகம் போனேன்.

"குறுக்குத்துறை என்னாச்சும்மா?"

"அங்கன தண்ணி இல்ல சார். இருக்கிற வழியா வந்தேன்."

"வாய்க்கால் ஆறு ஆகாது. இங்கிலாந்தை முடிச்சுக் குடு."

முடியாது என்றேன். அந்த ஆங்கிலத் தாள்களை அவர் மேசையில் வைத்தேன். ஆறு மணிக்குள் கால்வாய்ப் பயணத்தை எழுதி அதன்மேல் வைத்தேன்.

அந்த ஞாயிறு பக்கத்தில் சொதிக் குழம்பு செய்முறை வந்தது.